தொண்ணூறா, நூற்று நாற்பதா

முதலில் மேல் போல்ட், அப்புறம்தான் கீழ் போல்ட் என்று குழிக்குள்ளிருந்து நாகமாணிக்கம் சொன்னார், அல்லது அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று திருமூர்த்தி எடுத்துக்கொண்டான், ஏனென்றால் வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோது அவருடைய ஸ்பேனர் மேல் போல்ட்டில்தான் மாட்டியிருந்தது. எண்ணெய் ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் எண்ணெய் வடிகிற வழியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தால், வண்டி வெறும் வயிறோடு நின்றுவிடும். எவ்வளவு சாதாரணமான விஷயம், ஆனால் அவனுக்குத் தோன்றியிருக்காது, அவன் கீழ் போல்ட்டைத்தான் முதலில் பிடுங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆவாரம்பாளையத்தில் பட்டறைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருந்த ஒரு சந்தின் கடைசியில் நாகமாணிக்கத்தின் தகரக் கொட்டகை, அதற்குள் குழி, குழியின் மேல் அவனுடைய கரும்பச்சை வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கிற பழைய ஜப்பான் வண்டி. பந்தயத்துக்கென்றே செய்த மாதிரி தாழ்ந்து, தரையோடு தரையாக இருக்கும், ஆனால் அவனிடம் வந்த நான்கு வருஷமாக அது அவிநாசி ரோட்டு சிக்னல்களில் நின்று, வேகத்தடைகளில் வயிற்றை உரசி, அவனை பம்ப் கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கீரைக்கட்டோடும் பால் பாக்கெட்டோடும் வீட்டுக்குத் திரும்புகிறது. ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாத வண்டிக்கு இத்தனை அலம்பலா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது, அது நான்கு வருஷத்துக்கு முன்னால். வண்டியை வாங்கியதே சத்தத்துக்காகத்தான். குன்னூரில் ஒரு பங்களா வாசலில் அதன் சொந்தக்காரர் சாவியைத் திருப்பியபோது எழுந்த சத்தம் அவனுடைய விலா எலும்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, விலை பேசவே தோன்றவில்லை. அந்தச் சத்தம் இரண்டாவது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து அறைக்குப் போனது, பிறகு பக்கத்து வீட்டுக்கு. சைலன்ஸரில் என்னமோ அடைத்திருக்கிறது என்று இரண்டு முறை கழற்றிப் பார்க்கச் சொன்னான். ஒன்றும் அடைக்கவில்லை. இரண்டாவது முறை கழற்றி மாட்டிய அன்றைக்கு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தான், சொடுக்கு விரலில் தெரிந்தது, காதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரையும் எதையும் கழற்றச் சொல்லவில்லை.

கீழ் போல்ட் கழன்றதும் எண்ணெய் வந்தது. முதலில் ஒரு தடித்த கருப்புக் கயிறாக, வெயில் தகர ஓட்டை வழியாக விழுந்த இடத்தில் ஓரம் மட்டும் தேன் நிறமாக, சத்தமே இல்லாமல், ஆனால் சத்தம் இருக்குமோ என்னவோ, தட்டில் எண்ணெய் விழுந்தால் என்ன சத்தம் வரும், தொளதொளவென்றா, அவனால் நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. வாசனை மட்டும் வந்தது. அழுகிய முட்டையும் தீக்குச்சியும் சேர்ந்த மாதிரி ஒரு கந்தக நெடி, கியர் எண்ணெய்க்கு மட்டுமே உள்ள நெடி, மூக்கைச் சுளிக்க வைத்தாலும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கத் தோன்றுகிற நெடி. மொத்தமே ஒரு லிட்டர்தான். இந்த ஒரு லிட்டர்தான் இத்தனை நாளும் பின் சக்கரங்களுக்கு நடுவிலிருக்கிற இரும்புக் குடத்துக்குள் இருந்தது என்று நினைத்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இரும்புக் குடத்துக்குள் என்ன நடக்கிறது என்று நேற்று இரவு படித்தான், படித்ததை நம்ப முடியாமல் மறுபடியும் படித்தான். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம், ஆனால் இரண்டையும் சுற்றுவது ஒரே எஞ்சின். இரண்டையும் ஒரே இரும்பில் இறுக்கிக் கட்டினால் ஒன்று மற்றதைத் தரையில் தேய்த்து இழுக்கும். அதனால் நடுவில் ஒரு டிபரன்ஷியல், அதற்குள் நான்கே நான்கு சின்னப் பல்சக்கரங்கள், நீ வேகமாகப் போ, நீ மெதுவாகப் போ என்று யாரும் சொல்லாமலேயே ஒவ்வொரு வளைவிலும் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கின்றன. ஹோப் காலேஜ் வளைவில், லட்சுமி மில் சந்திப்பில், அவன் வீட்டுச் சந்துக்குள் திரும்பும் திருப்பத்தில், அவன் ஹாரனைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை முறையும். இவ்வளவு போதாதென்று இந்த வண்டியில் இன்னும் ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் தகடுகளின் அடுக்கு, ஒரு சக்கரம் மணலில் வெறுமனே சுற்றினால் அதைப் பிடித்து நிறுத்தி மற்றச் சக்கரத்துக்கு பலத்தைக் கொடுப்பதற்கு. அப்படியானால் அந்த எண்ணெய் பற்களுக்கு நடுவில் வழுக்க வேண்டும், தகடுகளுக்கு நடுவில் பிடிக்கவும் வேண்டும், பிடிக்கும்போது திக்கித் திணறாமல் நழுவிக்கொண்டே பிடிக்க வேண்டும். ஒரே எண்ணெய். தலைமுடியைப் பல கூறாக வகிர்ந்தால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தப் படலத்தின் கனம், அந்தக் கனத்தின் மேல்தான் ஆயிரம் கிலோ வண்டியின் இழுப்பு முழுவதும் ஏறி நிற்கிறது, பல்லும் பல்லும் தொடுவதே இல்லை, தொடுகிற மாதிரி நெருங்கி நடுவில் எண்ணெயை வைத்துக்கொண்டு தாண்டிப் போகின்றன. மனிதன் ஒருவன் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறான். எங்கேயோ ஒரு மேஜையில், பென்சிலைக் கடித்துக்கொண்டு. திருமூர்த்திக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை.

நாகமாணிக்கம் குழியிலிருந்து ஏறி வந்தார். அறுபதைத் தாண்டியவர், பந்தய வண்டிகளோடு முப்பது வருஷம் கிடந்தவர், ஆனால் பேச்சு மட்டும் பூஜை அறையில் பேசுகிற மாதிரி அத்தனை மெதுவாக இருக்கும். நேருக்கு நேர் நின்றால் திருமூர்த்திக்குக் கஷ்டமில்லை, உதட்டைப் பார்த்துவிடுவான், இரண்டு வருஷத்தில் அந்த வித்தை யாரும் சொல்லித் தராமலேயே வந்துவிட்டது. அவர் வடிகிற போல்ட்டின் முனையிலிருந்த காந்தத்தை அவன் முன்னால் நீட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். "மாவு மாதிரி இருக்குது பாருங்க தம்பி. இது நல்லது. செதில் செதிலா வந்திருந்தா பயப்படணும். பல்லு தப்பிச்சிருச்சு, தகடுதான் திக்குது." அவனும் அந்த மாவைத் தொட்டான். இரும்பு இவ்வளவு மெத்தென்று ஆகுமா. நான்கு வருஷத்து வளைவுகள் எல்லாம் அரைபட்டு அவன் விரல்நுனியில் பட்டுத்துணி மாதிரி இருந்தன. அலமாரியிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து ஸ்டூலின் மேல் வரிசையாக வைத்தார் அவர். முதலாவது லாரிக்கு ஊற்றுகிற நூற்று நாற்பது, எண் ஏற ஏற எண்ணெய் கனம், சாய்த்தால் வெல்லப்பாகு மாதிரி யோசித்து யோசித்து வரும். இரண்டாவதும் நூற்று நாற்பதுதான், ஆனால் பந்தயத்துக்கு ஊற்றுகிற விலை கூடின வகை. மூன்றாவது எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறு, தகடு வைத்த டிபரன்ஷியலுக்கென்று ஒரு மருந்து கலந்தது, அந்த மருந்துதான் தகடுகளைத் திக்காமல் நழுவ வைக்கும். "ரேஸ்ல இது," என்று நடு டப்பாவைத் தொட்டார், "ஏன்னா அங்க டிபரன்ஷியல் கொதிக்கும், கை வச்சா கை வெந்திரும், அந்தச் சூட்டுல மெல்லிசான எண்ணெய் தண்ணியாப் போயிரும். தெருவுல ஓட்டற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்துங்க வரும்? நீங்க பீளமேட்டுல இருந்து கம்பெனி போய்ச் சேர்றதுக்குள்ள எண்ணெய்க்குத் தூக்கமே கலைஞ்சிருக்காது. அதுக்கு இதுதான்," என்று மூன்றாவதைத் தொட்டார். பிறகு முதல் டப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இதை ஊத்தினா வெச்சுக்குங்க, வளைக்கறப்ப வர்ற சத்தம் அமுங்கிரும். வண்டி விக்கறவங்க இதைத்தான் செய்வாங்க. உள்ள தேயறது நிக்காது. கேக்காமப் போறது ஒண்ணுதான் மிச்சம்." கேக்காமப் போறது. அவர் உதடு அதைச் சொன்னபோது திருமூர்த்தி பார்வையை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டான். "எப்ப இருந்துங்க சத்தம்?" என்று அவர் கேட்டார். "இப்பத்தான், ஒரு மாசமா," என்றான். ஒரு மாசமா, ஆறு மாசமா, இரண்டு வருஷமா, அவனுக்கு எப்படித் தெரியும். "யோசிச்சுச் சொல்லுங்க, முழுசா வடியட்டும், அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.

அவனுக்குக் கேட்கவில்லை, கேட்டது அவன் மனைவி சாந்தாமணிக்கு. போன ஞாயிற்றுக்கிழமை, இதே வண்டி, இடதுபக்கம் அவள். இந்தக் கொட்டகைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவளுடைய தங்கை தேவகி வீடு, அங்கே போவதற்குச் சந்தில் திரும்பியபோது அவள் அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள், அதிர்ஷ்டவசமாகத் திரும்பிச் சொன்னாள், "ஏனுங்க, வளைக்கறப்ப பின்னாடி யாரோ முனகற மாதிரி இருக்குதே, உங்களுக்குக் கேக்கலீங்களா?" கேக்குது, கேக்குது, பாக்கச் சொல்லணும் என்றான். பொய். அவன் அந்த நேரத்தில் அறிந்ததெல்லாம் சீட்டுக்கடியில் ஒரு நடுக்கம், அதை ரோடு சரியில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தான், எத்தனை மாசமாக எடுத்துக்கொண்டிருந்தான், உடம்புக்குத் தெரிந்ததை அவனுக்குத் தெரியவிடாமல் அவனே தடுத்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் அவன் வேலையே கேட்பதுதான். தயாராகி வரும் பம்ப் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பேரிங்கில் கரகரப்பு உண்டா, தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் உரசுகிறதா என்று காது வைத்துச் சொல்ல வேண்டும், பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறான், மீட்டரை வைத்துக்கொண்டு நிற்கிற இன்ஜினியர்கள்கூட கடைசியில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது அவன் கையை வைக்கிறான். மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, காதைச் சாய்த்த மாதிரி தலையைச் சாய்த்து நிற்கிறான், அந்தச் சாய்ப்பு நாடகம், அறிவதெல்லாம் கை. இதுவரை தப்பு வரவில்லை. வரவில்லை என்பதே ராத்திரிகளில் பயமுறுத்துகிறது, எந்தக் கிணற்றடியில் எந்தப் பம்ப் அவன் கையை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறதோ. ஆனால் கை எப்படி இவ்வளவு அறிகிறது. தோலுக்கு உள்ளே யார் உட்கார்ந்து பேரிங் ஒன்றையும் பேரிங் இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். சில நாள் அவன் பயத்தை மறந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான். பம்ப் இருக்கட்டும். பம்ப் அவ்வளவு பெரிதில்லை. அதைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது, அவன் நினைப்பு எந்தப் பக்கம் போனாலும் வளைந்து வளைந்து அங்கேதான் வருகிறது, வந்து முட்டிக்கொண்டு திரும்புகிறது. ஐப்பசி மாசம், மழை விட்டிருந்த ஒரு காலை, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழாய் திறந்திருந்தது, முதுகு அவன் பக்கம். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொன்னாள், சொன்னாள் என்பது தோள் அசைந்த விதத்தில் தெரிந்தது, கேஸ் தீரப் போகிறது என்றிருக்கும், மகன் ஹாஸ்டலிலிருந்து பேசினான் என்றிருக்கும். "ம், பாத்துக்கலாம் விடு," என்றான். அவ்வளவுதான். அவள் குழாயை மூடினாள். திரும்பி அவனைப் பார்த்தாள், அந்தப் பார்வை அவனுக்கு இன்றைக்கும் இருக்கிறது, அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை, சிரித்துவிட்டுப் பேப்பரைத் திருப்பினான். சிரித்தான். மூன்று வாரம் கழித்து தேவகி வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வராமல், அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "மாமா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? மாருல கட்டி இருக்குதுன்னு அக்கா வாய்விட்டுச் சொல்லியிருக்குது, பாத்துக்கலாம் விடுன்னீங்களாமா? நாந்தான் கூட்டிட்டுப் போயி ஊசி குத்திப் பாக்க வெச்சேன். கெட்ட கட்டி இல்லீன்னு இன்னிக்குத்தான் சொன்னாங்க. இனி நீங்க நிம்மதியாப் பேப்பர் படிங்க." அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். எனக்குக் கேக்கல. மூன்று நொடி. அவன் வாய் திறந்தது, உள்ளே செவிடன் என்ற சொல் எழுந்து நின்றது, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற பியூனை எல்லோரும் கூப்பிட்ட சொல், முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்த சொல், அவனும் சிரித்திருக்கிறான். "வேல டென்ஷன்ல இருந்தேன் தேவகி," என்றான். செவிடன் என்ற பெயரைவிடக் கல்நெஞ்சன் என்ற பெயர் சுமப்பதற்கு இலேசாக இருக்கும் என்று அந்த மூன்று நொடியில் அவனுக்குள் யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். தப்புக் கணக்கு. அன்றிலிருந்து சாந்தாமணி அவனிடம் எதையும் தானாகச் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில், அதுவும் தாழ்ந்த குரலில், தாழ்ந்ததால் அவனுக்கு இன்னும் கேட்காமல், கேட்காததால் அவன் இன்னும் பொதுவாக ம் என்று சொல்லி, அந்த ம் அவளை இன்னும் தாழ்த்தி. ஐந்து மாசம். ஐந்து மாசத்துக்குப் பிறகு அவளாகத் திரும்பிச் சொன்ன முதல் விஷயம், வண்டி முனகுகிறது என்பது.

அப்படியானால் முனகல் போக வேண்டும், எப்படியாவது போக வேண்டும், அடுத்த முறை அந்தச் சந்தில் திரும்பும்போது அவள் காதில் ஒன்றும் விழக் கூடாது, ஓ, சொன்னேன், செய்துவிட்டாரே என்று அவளுக்கு ஒரு சின்ன நினைப்பு வர வேண்டும். அதற்கு முதல் டப்பா போதும். முதல் டப்பாவைத் திருமூர்த்தி பார்த்தான். அழுக்கான வெள்ளை டப்பா, மூடியைச் சுற்றி எண்ணெய் வழிந்து தூசி படிந்து தாடி மாதிரி. சாதுவாக உட்கார்ந்திருந்தது. உள்ளே தகடு தேயும், யார் பார்த்தார்கள், இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், அவளுக்குக் கேட்காது, அவனுக்கு எப்படியும் கேட்காது, இரண்டு பேரும் ஒரு அமைதியான வண்டியில் போவார்கள். இப்படி நினைத்ததும் அவனுக்குக் குளிர்ந்தது, பங்குனி வெயிலில், தகரக் கொட்டகைக்குள். ஏனென்றால் அந்த வண்டி அவனுக்குத் தெரிந்தது. அந்த வண்டியில்தான் அவன் ஐந்து மாசமாக இருக்கிறான். எண்ணெய் இப்போது கயிறாக விழவில்லை, சொட்டாக, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. ஒவ்வொரு சொட்டும் போல்ட் ஓட்டையின் உதட்டில் திரண்டு, கனத்து, வெயிலைத் தனக்குள் ஒரு புள்ளியாக வாங்கிக்கொண்டு, பிறகுதான் விட்டுப் பிரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்ததைக் கவனித்தான், வார்த்தையில்லை, பானைக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முழக்கம், கேள்வியாக முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது. "ஆமாங்கண்ணா," என்றான். பழக்கம். வாய் தானாகச் சொன்னது. மறுபடியும் முழக்கம். "ஆமா, ஆமா." குழிக்குள்ளிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை எழும்பி, ஸ்டூலைத் துழாவி, முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனது.

அவன் அதைப் பார்த்தான். கை போவதை, டப்பா போவதை, கீழ் போல்ட் மறுபடியும் ஏறுவதை, புனல் மாட்டிய கைப்பம்பின் குழாய் மேல் போல்ட் ஓட்டைக்குள் நுழைவதை. ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அவன் ஆமா என்று சொல்லியாயிற்று, அவன் சொன்னதைத்தான் அவர் செய்கிறார். இன்னொரு ஆமா, இன்னொரு பாத்துக்கலாம் விடு, இவ்வளவு சுலபமாகத்தான் இது நடக்கிறது, அவன் ஒன்றும் செய்ய வேண்டியதே இல்லை, வாய் பார்த்துக்கொள்ளும். மூடி திறந்தது. திருமூர்த்தி தரையில் மண்டியிட்டு, பேண்ட் முட்டியில் எண்ணெய் ஏற, தலையைக் குழியின் விளிம்புக்குக் கீழே விட்டு, அவன் நினைத்ததைவிடப் பெரிய குரலில் கத்தினான்.

"அண்ணா, நில்லுங்க! ஊத்தாதீங்க!"

நாகமாணிக்கத்தின் கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, உதடு தெரிந்தது. "மொத டப்பாவையே பாத்துட்டிருந்தீங்க, லாரி நூத்தி நாப்பதே ஊத்திரட்டுமான்னு கேட்டேன், ரெண்டு தடவ கேட்டேன், ஆமான்னீங்களே தம்பி."

"நீங்க கேட்டது எனக்குக் கேக்கலீங்கண்ணா." அவன் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சும்மா ஆமான்னேன். எனக்குக் காது கேக்கறதில்ல. ரெண்டு வருசமா. வண்டி எப்ப இருந்து முனகுதுன்னும் எனக்குத் தெரியாது. ஒரு மாசம்னு சொன்னது பொய்."

அவர் சிரிப்பார், அல்லது முகம் மாறும், அல்லது ஐயோ பாவம் என்று ஒரு தலையாட்டல், அவன் எல்லாவற்றுக்கும் தயாராக மண்டியிட்டிருந்தான். நாகமாணிக்கம் டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். படியேறி மேலே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு எதிரில் வந்து நின்று, "சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் வெளிய வந்து பேசியிருப்பேன்," என்றார். அவ்வளவுதான். திருமூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் அவன் தூக்கிச் சுமந்ததற்கு இந்த மனிதர் செய்ததெல்லாம் நான்கு படி ஏறி வந்ததுதான். வானம் இடிந்து விழவில்லை, தகரத்தின் மேல் ஒரு காக்கை நடந்தது, நடக்கிறது என்று ஓட்டையில் விழுந்து விழுந்து மறைந்த நிழலில் தெரிந்தது. உலகம் இவ்வளவு பெரிய இடமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. "அப்ப எதுங்க தம்பி?" என்றார் அவர், உதடுகளை நன்றாகப் பிரித்து. "தொண்ணூறு," என்றான் அவன். "மருந்து கலந்தது. தேயாம இருக்கணும். சத்தம் போனாலும் சரி, போகாட்டியும் சரி." அவர் தலையசைத்தார். "போகும். ஆனா ஊத்தின உடனே போகாது. லைசென்ஸ் வாங்கறப்ப எட்டு போட்டீங்கல்ல, அந்த மாதிரி மெதுவா எட்டு போடணும், பத்துப் பதினஞ்சு தடவ, அப்பத்தான் எண்ணெய் தகட்டுக்குத் தகடு உள்ள போயிச் சேரும். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கேக்கணும். நான் வர்றேன்."

புது எண்ணெய் தேனைவிட மெல்லிய நிறம். பம்பை அவர் அழுத்த அழுத்த உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு மேல் ஓட்டையின் விளிம்பில் ஒரு நூலாக வழிந்தது, நிறைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அளவு, வேறு கோடோ குறியோ கிடையாது, நிறைந்தால் தானே வெளியில் வந்து சொல்லும். அவன் அந்த நூலை விரலில் வாங்கினான். கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. சாந்தாமணி. தேவகி வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள், கையில் முருங்கைக்காய்க் கட்டு, நெற்றியில் வியர்வை. நாகமாணிக்கத்தைப் பார்த்து, "முடிஞ்சுதுங்களா?" என்றாள். அவனிடம் கேட்கவில்லை. நாகமாணிக்கம் வாயைத் திறந்து, பிறகு திருமூர்த்தியைப் பார்த்து, திறந்த வாயை மூடிக்கொண்டு, கருவிகளை எடுத்து வைக்கப் போனார். "அண்ணா, சாந்தா உக்காரட்டும்," என்றான் திருமூர்த்தி.

கொட்டகைக்குப் பின்னால் பஞ்சு லாரிகள் நிற்கிற திடல், ஞாயிறு என்பதால் காலி, சிமெண்டுத் தரையில் அங்கங்கே பஞ்சுத் துணுக்குகள் வெயிலில் உருண்டுகொண்டிருந்தன. கூரையை மடக்கி வைத்திருந்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முதல் எட்டின் முதல் வளைவை எடுத்தான். சீட்டுக்கடியில் நடுக்கம் வந்தது. அவள் முருங்கைக்காயை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டால்தான் சொல்வாள், கேட்டால் அவன் பக்கம் திரும்பாமல் சொல்வாள், அவன் ம் என்பான். வண்டியைத் திடலின் நடுவில் நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதை ஓடவிட்டான். எத்தனையோ ராத்திரி மனசுக்குள் சொல்லிப் பார்த்த நீளமான பேச்சு ஒன்று இருந்தது, காரணங்களோடு, மன்னிப்புகளோடு. அதில் ஒரு வரிகூட இப்போது கிடைக்கவில்லை. "சாந்தா, எனக்குக் கேக்காது," என்றான். "வண்டி முனகறது கேக்காது. நீ பேசறது பாதி கேக்காது. அன்னிக்குக் குழாயடியில நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. தேவகி வந்து சொல்ற வரைக்கும் தெரியாது. தெரியாமத்தான் பாத்துக்கலாம்னேன்." அவள் திரும்பவில்லை. கண் இமைக்கவும் இல்லை. முருங்கைக்காய்க் கட்டின் நாரை விரலில் சுற்றினாள், சுற்றிய விரல்நுனி வெளுத்தது. பிறகு அவிழ்த்தாள். பிறகு மொத்த உடம்பையும் அவன் பக்கம் திருப்பினாள், முகம் சிவந்திருந்தது, அவள் அழப் போகிறாள் என்று நினைத்தான், அவள் கையை ஓங்கி அவன் தோளில் ஒன்று வைத்தாள், நிஜமாகவே வலித்தது.

"அஞ்சு மாசமுங்க," என்றாள். ஒவ்வொரு எழுத்தும் அவள் உதட்டில் தனித்தனியாகத் தெரிந்தது. "அஞ்சு மாசமா உங்களை என்னவெல்லாம் நினைச்சிருக்கறேன் தெரியுங்களா?"

"தெரியும்."

"தெரியாது," என்றாள். "உங்களுக்குத் தெரியாது." இன்னும் ஏதோ சொல்ல வந்து, உதடு கோணி, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, "நாளைக்கே காது டாக்டரு. லீவு சொல்லிருங்க," என்றாள். பிறகு முன்பக்கம் கையைக் காட்டினாள். "ஓட்டுங்க. நான் கேக்கறேன்."

அவன் இடது கை கியரில் இருந்தது. அவள் தன் வலது கையை அதன் மேல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே வைத்தாள். முதல் வளைவில் அவள் விரல்கள் அழுத்தின, ஒரு முறை, உடனே இன்னொரு முறை, நீளமாக. அதுதான் முனகல். அவன் அதை முதல்முறையாகக் கேட்டான், தோலில், அவள் விரலின் வழியாக, எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே விடுகிறது என்று. எட்டின் நடுவில் நேரான இடத்தில் கை தளர்ந்தது, அடுத்த வளைவில் மறுபடியும் அழுத்தியது. இரண்டாவது எட்டு, மூன்றாவது எட்டு. உள்ளே, அவர்கள் இருவரின் முதுகுக்கும் பின்னால், இரும்புக்குள், ஒரு லிட்டர் எண்ணெய் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வழி தேடிக்கொண்டிருந்தது, ஒரு சக்கரம் வேகமாகவும் ஒரு சக்கரம் மெதுவாகவும், பற்கள் தொடாமல் தொட்டு, எல்லாம் அதுபாட்டுக்கு, யாரும் பார்க்காமல். ஆறாவது எட்டில் அழுத்தம் குறைந்தது, விரல் நுனி மட்டும். எட்டாவதில் விட்டு விட்டு வந்தது, அவள் தலையைச் சாய்த்துக் கவனித்தாள், நெற்றி சுருங்கியது, சந்தேகமாக ஒரு தொடுகை. கொட்டகையின் பின்வாசலில் நாகமாணிக்கம் வந்து நின்றுகொண்டு பார்த்தார். பதினொன்றாவது எட்டு. வலப்பக்க வளைவு முழுவதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை ஒடித்து எடுத்தான். அழுத்தம் வரவில்லை. இடப்பக்கம். வரவில்லை. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் சூடும், வளையலின் ஓரமும், எடுக்கப்படவில்லை. நாகமாணிக்கம் போதும் என்று தூரத்திலிருந்து கையை ஆட்டினார். திருமூர்த்தி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு எட்டுக்கு வண்டியை வளைத்தான்.